எட்கரின் அம்மாவும் நானும்

கடலூர் சிப்காட்டில் என் கணவருக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். தூக்கம் வராமல் மகளின் பையிலிருந்த எனிட் பிளைட்டன் புத்தகத்தை எடுத்தேன். 'ஃபைவ் ரன் அவே டுகெதர்'. 1944-ல் வந்தது, 'ஃபேமஸ் ஃபைவ்' வரிசையில் மூன்றாவது. ஏழாம் வகுப்பில் நான் படித்த அதே கதை.

ஜார்ஜின் அம்மா ஆஸ்பத்திரியில். சமையல்காரி மிஸஸ் ஸ்டிக்கின் கொடுமை தாங்காமல் நான்கு பிள்ளைகளும் டிம்மி நாயும் கிரின் தீவுக்கு ஓடிவிடுகிறார்கள். வீட்டுப் பொருட்களைச் சுருட்டிக்கொண்டு ஸ்டிக் குடும்பமும் அங்கேயே வந்து சேர்கிறது. உடைந்த கப்பலில் ஒரு பெட்டி கிடைக்கிறது. உள்ளே ஒரு சின்னப் பெண்ணின் உடைகள், பொம்மைகள். கடத்தப்பட்ட ஜெனிஃபர் பாதாள அறையில் அடைபட்டிருக்கிறாள்.

அவளை மீட்டுவிட்டு, ஸ்டிக்கின் மகன் எட்கரை அதே அறையில் அடைக்கிறார்கள். அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது, மகனைக் காணாமல் அவன் அம்மா தவிக்கும் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. திருடிதான், கடத்தல்காரிதான்... ஆனாலும். (ஜெனிஃபரின் பெற்றோரோ கடைசியில்தான் தலைகாட்டுகிறார்கள்.)

காலையில் மகளிடம் கேட்டேன்: "எட்கர் பாவம் இல்லையாடி?"

"அவன்தானேம்மா எல்லாரையும் கிண்டல் பண்ணான்!"

சாயங்காலம் அவள் டியூஷனுக்குக் கிளம்பியபோது தெருமுனை வரை கூடவே போனேன். "என்னம்மா, புதுசா?" என்றாள்.