மருந்து ஏற்றிய பத்தாம் நாள் காய்ச்சலா?

இரவு 11 மணி. புற்று நோய்க்கு மருந்து ஏற்றிக் கொண்டு பத்து நாள் ஆன அம்மாவுக்கு உடம்பு சுடுகிறது. "ஒரு மாத்திரை கொடுப்போம். காலையில் பார்த்துக் கொள்ளலாம்" என்கிறார் அப்பா.

பல வீடுகளில் நடப்பதுதான் இது. மற்ற நாட்களில் தவறும் இல்லை. ஆனால் அந்தப் பத்தாம் நாளில் அது உயிருக்கே ஆபத்து!

ஏன் தெரியுமா?

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள்தான் உடம்பின் காவல்காரர்கள். கிருமி நுழைந்தால் பாய்ந்து சென்று விழுங்கி விடும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 4 ஆயிரம் முதல் 11 ஆயிரம் வரை இருக்கும். அவற்றில் பெரும் பகுதி "நியூட்ரோபில்" என்ற வகை. அதற்கு ஆயுள் மிகக் குறைவு. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை இரவு பகலாகப் புதியவற்றை உண்டாக்கி அனுப்புகிறது.

புற்று நோய் மருந்து, வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்கும். மஜ்ஜை அணுக்களும் வேகமாகப் பெருகுகிறவைதானே! அவையும் அடி வாங்குகின்றன. (தலைமுடி கொட்டுவதும் இதனால்தான்.) பெரும்பாலும் 7-ம் நாளுக்கும் 14-ம் நாளுக்கும் இடையில் நியூட்ரோபில் அடிமட்டத்துக்கு இறங்கும். 500-க்குக் கீழே போனால் பெரும் ஆபத்து. பிறகு மெல்ல ஏறிவிடும்.

சீழ் பிடிக்காது!

அந்த நாட்களில் புண் வந்தாலும் சரியாகச் சீழ் பிடிக்காது. சீழில் இருப்பதே பெரும்பாலும் செத்த வெள்ளை அணுக்கள்தான். அணுவே இல்லாதபோது சீழ் ஏது? காய்ச்சல் ஒன்றுதான் எச்சரிக்கை மணி. மாத்திரை கொடுத்து அதை அடக்குவது, மணியின் நாக்கைக் கட்டி விடுவது போல.

மாதுளம்பழமும் பீட்ரூட்டும் கொடுக்கிறார்கள். நன்றாகக் கழுவிக் கொடுக்கட்டும். ஆனால் வெள்ளை அணுவை ஏற்ற அவற்றால் ஆகாது.

கிருமி செய்யும் மருந்து

அதற்கென்று ஊசி இருக்கிறது. அதன் கதை ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரில் ஆரம்பம். ரே பிராட்லி, டொனால்டு மெட்காப் என்ற விஞ்ஞானிகள் எலியின் மஜ்ஜை அணுக்களைக் கடல்பாசிக் கூழில் வளர்த்தார்கள். (நோன்புக் காலத்தில் இனிப்பு செய்கிறார்களே, அதே கடல்பாசிதான்!) அணுக்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகின. 1966-ல் இதை வெளியிட்டார்கள். அவற்றைப் பெருக வைப்பது எது என்று தேடித் தேடி, உடம்பே சுரக்கும் ஒரு புரதத்தைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

அந்தப் புரதத்தை "ஈ.கோலி" என்ற பாக்டீரியாவைக் கொண்டே தயாரிக்கிறார்கள். கிருமியை அடக்கும் படைக்குக் கிருமியே ஆள் சேர்க்கிறது! "பில்கிராஸ்டிம்" என்ற அந்த மருந்துக்கு 1991-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

புற்று நோய் மருந்து ஏற்றி 24 மணி நேரமாவது கழித்துத்தான் இந்த ஊசியைப் போடுவார்கள். தினம் ஒன்றாகச் சில நாள் போட வேண்டும். நீடித்து வேலை செய்யும் இன்னொரு வகையில் ஒரே ஊசி போதும். எலும்பு குடையலாம், மஜ்ஜை சுறுசுறுப்பாகிறது என்று அர்த்தம். எல்லோருக்கும் இது தேவை இல்லை. டாக்டர் முடிவு செய்வார்.

ஆனால் காய்ச்சல் வந்து விட்டால் இந்த ஊசி மட்டும் போதாது. நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் மருந்து உடனே ஏற வேண்டும்.

வீட்டில் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டாலோ, குளிர் நடுக்கம் கண்டாலோ நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். சிகிச்சைச் சீட்டு கையில் இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக, "புற்று நோய்க்கு மருந்து ஏற்றி இன்று பத்தாம் நாள், காய்ச்சல் அடிக்கிறது" என்று சொல்லுங்கள்.