வேர்க்கடலை விஷமும் ஒரு கணினி விளையாட்டும்

கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்படும் விளையாட்டுக்களைப் பற்றி விவசாயப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறதென்று குடியானவர்கள் கேட்கலாம். அவற்றுட் பெரும்பாலானவை பொழுதை வீணாக்குபவையே. அவற்றைக் குறித்து இங்கே ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆயினும், அமெரிக்காவிலுள்ள வாஷிங்டன் சர்வகலாசாலையார் 2008-ம் வருஷம் மே மாதத்தில் வெளியிட்ட ‘போல்டிட்’ என்னும் விளையாட்டு, 2017-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு புதுமை செய்தது. வேர்க்கடலையிலும் அதன் பிண்ணாக்கிலும் உண்டாகும் கொடிய விஷமொன்றை முறிக்கும் வழி யாது என்பதையே தன்னை ஆடுவோருக்குப் புதிராக வைத்தது. மல்லாட்டை என்றும் மணிலாக் கொட்டை என்றும் ஜில்லாவுக்கொரு பெயரால் வழங்கும் இப்பயிரை நம்பியிருக்கும் நிலச் சொந்தக்காரர்கள், அவ்விஷம் எத்தகையது, ஒரு விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் எவ்வாறு ஏற்பட்டது என்பவற்றை அறிந்துகொள்வது நலம்.

இவ்விஷத்திற்கு ‘அப்ளடாக்ஸின்’ என்று பெயர். 1960-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்தை ஆராய்ந்ததில், பிரேஸில் தேசத்திலிருந்து வந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் ‘அஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ்’ என்னும் பூசணம் பிடித்திருந்ததும், அப்பூசணம் கக்கிய விஷமே குஞ்சுகளைக் கொன்றதும் வெளியாயின. பூசணத்தின் பெயரைச் சுருக்கியே விஷத்திற்குப் பெயரிட்டனர். மஞ்சள் கலந்த பச்சை நிறமுள்ள இப்பூசணத்தின் வித்துக்கள் மண்ணில் எங்கும் உண்டு. காய் முற்றுந் தறுவாயில் மழை பொய்த்து நிலம் சூடேறினாலும், புழுவோ கறையானோ ஓட்டைத் துளைத்தாலும், பூசணம் பருப்பினுள் நுழைகிறது. பிறகு ஈரத்தோடு குவித்த குவியலில் செழித்துப் பெருகுகிறது. பூசணமாவது கண்ணுக்குத் தெரியும், விஷம் தெரியாது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முற்றும் அழிவதில்லை. நாட்பட உட்கொள்வோருக்கு ஈரலிற் புற்றுநோயை உண்டாக்கும். மிகுதியாக ஒரே சமயத்தில் உட்சென்றால் உயிரையே போக்கிவிடும். 1974-ம் வருஷத்தின் இறுதியில் ராஜஸ்தானம், குஜராத் எல்லைப்புறக் கிராமங்களில், பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஜனங்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விஷமுள்ள பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் அதன் ஒரு கூறு இறங்குகிறது.

வியாபாரத்தில் இதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. நேராக உண்பதற்குரிய வேர்க்கடலையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இவ்விஷம் இருத்தலாகாது என்பது ஐரோப்பிய நாடுகளின் விதி. அதாவது, 1,000 டன் பருப்பில் 4 கிராம்! வயலில் உழைத்த உழைப்பும், உரத்துக்கிட்ட பணமும், இத்தனை சிறிய அளவினாற் கப்பலேறாமற் போகலாம்.

விஷம் உண்டான பிறகு அதை முறிக்க முடியுமா என்பதே விஞ்ஞானிகளின் கேள்வி. பிராணிகளின் உடலிலும் தாவரங்களிலும் நுண்ணுயிர்களிலும் நொதிகள் என்னும் பொருள்கள் உண்டு. நாம் உண்ட சோற்றைச் சர்க்கரையாகப் பிரிப்பதும், பாலைப் பாலாடைக் கட்டிக்காக உறையச் செய்வதும் இவையே. நொதி என்பது ஒருவகைப் புரதம். புரதமாவது, அமினோ அமிலங்கள் என்னும் சிறு துண்டுகள் சரமாகக் கோக்கப்பட்டு, அச்சரம் பலவாறு மடங்கிச் சுருண்டு நிற்கும் ஓர் உருவம். மடிப்பு மாறினால் வேலையும் மாறிவிடும். நுகத்தடியின் வளைவு மாட்டின் கழுத்துக்குப் பொருந்தினாலன்றி ஏர் செவ்வையாக நகராது. அதுபோல, நொதியிலுள்ள பள்ளத்தில் விஷத்தின் அணுத்திரள் சரியாகப் பொருந்தி உட்கார்ந்தாலன்றி அதை வெட்டவியலாது. அப்ளடாக்ஸினில் ‘லாக்டோன்’ வளையம் என்று ஒரு பகுதி உண்டு. அவ்வளையத்தைத் திறந்துவிட்டால் விஷத்தின் கடுமை வெகுவாகக் குறையும். ஆகவே, அவ்வளையத்தைத் திறக்கக்கூடிய நொதியின் பள்ளத்தை, இந்த விஷத்திற்குப் பொருந்துமாறு மாற்றியமைக்க வேண்டும். சரத்தின் துண்டுகளை மாற்றும் வகைகளோ எண்ணிலடங்கா. அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதனைச் சாலையிற் செய்து பார்ப்பதென்றால் ஆயுள் போதாது.

விளையாட்டு இங்கேதான் வந்து சேருகிறது. வாஷிங்டன் சர்வகலாசாலையில் டேவிட் பேக்கர் என்பவரின் கூட்டத்தார், புரதங்கள் மடியும் விதத்தைக் கணக்கிடுவதற்காக, 2005-ம் வருஷத்தில், ஜனங்கள் தம் வீட்டுக் கணினிகளை ஓய்வு நேரத்தில் இரவல் தரும் ஏற்பாடொன்றைச் செய்தனர். கணினி தானே மடித்து மடித்துப் பார்ப்பது திரையிற் படமாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிற் சிலர், ‘இவ்விடத்தில் இப்படி மடித்தாற் பொருந்துமே, இயந்திரம் ஏன் தடுமாறுகிறது?’ என்று எழுதிக் கேட்டனர். கேட்டவர்கள் புரதம் இன்னதென்று படித்தவர்களல்லர். கண்ணுக்கும் கைக்கும் உள்ள சாமர்த்தியம் இயந்திரக் கணக்குக்கு இல்லாத இடம் உண்டென்பதை உணர்ந்த விஞ்ஞானிகள், அதையே விளையாட்டாக்கினர். அலக்ஷியம் செய்யாமல் அக்கடிதங்களைப் படித்தார்களே, அதுவே இக்கதையில் மெச்சத்தக்க பகுதி என்பது நம் அபிப்பிராயம்.

ஆடும் முறை வருமாறு. திரையில் ஒரு புரதச் சரம் நாடாவைப்போல் வளைந்து கிடக்கும். அதிலிருந்து கிளைகள் புறப்பட்டு நிற்கும். தண்ணீரை வெறுக்கும் கிளைகள் ஆரஞ்சு நிறம். தண்ணீரை விரும்புபவை நீலம். முன்னவற்றை உட்புறத்திலும் பின்னவற்றை வெளிப்புறத்திலும் அமைப்பது பொதுவான சூத்திரம். இரண்டு பாகங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டால் முள் நிறைந்த சிவப்புக் குண்டு தோன்றும்; அதைப் போக்க வேண்டும். ரப்பர் கயிறு கட்டி ஒரு பாகத்தை மற்றொன்றின் பக்கம் இழுக்கலாம். வேண்டிய இடத்தை அசையாமல் உறையச் செய்து, மற்றதைக் குலுக்கி இடங்கொள்ளச் செய்யலாம். அமைப்பு எவ்வளவுக்கு நிலைபெறுகிறதோ அவ்வளவுக்கு மேலேயுள்ள மதிப்பெண் ஏறும். சில புதிர்களில் சரத்தின் துண்டுகளையே மாற்றிக் கோக்கவும் இடமுண்டு. முதலில் எளிய பாடங்கள்; அவற்றை முடித்தவர் உலகத்தார் யாவரும் போட்டியிடும் புதிர்களுக்குச் செல்லலாம். தனியாகவும் ஆடலாம், கூட்டுச் சேர்ந்து, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடரவும் செய்யலாம். நுகத்தடியைத் தச்சன் சிறிது செதுக்கி, மாட்டின் கழுத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி செதுக்குவதை அறிந்த எவருக்கும் இதன் ருசி விளங்கும்.

இவ்வாறு ஆடிப் பயன் கண்டதுண்டா? உண்டு. குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் ஒரு வைரஸின் நொதி உருவம் பத்து வருஷங்களுக்கு மேலாகப் பிடிபடாதிருந்தது. 2011-ம் வருஷத்தில் அதைப் புதிராகக் கொடுக்க, மூன்று வாரத்துக்குள் ஆட்டக்காரர்கள் தந்த உருவத்தைக்கொண்டு விஞ்ஞானிகள் விடையைக் கண்டனர். 2012-ல் வெளியான ஆராய்ச்சி நம் விஷயத்துக்கு இன்னும் நெருங்கியது. மனிதரால் அமைக்கப்பட்ட நொதி ஒன்றில் ஆட்டக்காரர்கள் 13 துண்டுகளைப் புதிதாகச் சேர்த்து மடித்ததன் பயனாக, அதன் வேலைத் திறம் 18 மடங்குக்கு மேல் உயர்ந்தது. 2019-ல், முன்னில்லாத புரதங்களாக அவர்கள் வகுத்த 146 உருவங்களைச் சோதனைச் சாலையிற் செய்து பார்த்ததில், 56 திருத்தமாக மடிந்து நின்றன.

2012-ம் வருஷ வேலையிற் பங்குகொண்ட ஜஸ்டின் ஸீகல் என்பவரே பின்னர், டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையிலிருந்து அப்ளடாக்ஸின் புதிரை நடத்தினார். வேர்க்கடலையைப் பெருவாரியாக வாங்கி மிட்டாய் செய்யும் மார்ஸ் கம்பெனியார் அதற்குத் துணைநின்றனர். அவர்களுக்கு இதில் சொந்த லாபம் உண்டென்பது வெளிப்படை. எனினும், ஆட்டக்காரர்கள் வகுக்கும் உருவங்களுக்கு எவரும் தனியுரிமை கொண்டாடாமல் எல்லாருக்கும் பொதுவாக விடுவதென்று முதலிலேயே ஏற்பாடு செய்யப்பட்டது. ஏழைக் குடியானவர் நாடுகளுக்கு இது முக்கியமான நிபந்தனையாகும்.

இதன் பிறகு இயந்திரங்களும் சும்மாயிருக்கவில்லை. சரத்தைக் கொடுத்தால் அது மடியும் உருவத்தைச் சொல்லும் திறமையில், 2020-ம் வருஷத்தில் ‘ஆல்பாபோல்ட்’ என்னும் கணினி ஏற்பாடு பெரும் வெற்றி பெற்றது. அதைச் செய்தவர் இருவரும், புதுப் புரதங்களை வகுத்தமைக்காக மேற்கூறிய பேக்கரும், 2024-ம் வருஷத்து ரஸாயன நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அப்படியானால் ஆட்டக்காரருக்கு இனி வேலையில்லையோ எனலாம். உருவத்தைக் கண்டுபிடிக்கும் வேலை பெரும்பாலும் இயந்திரத்தினிடம் போய்விட்டது உண்மையே. புதிய உருவத்தை வகுப்பதில் கைவரிசைக்கு இன்னும் இடமுண்டு. அன்றியும், ஒரு மாணவனுக்குப் புரதம் இன்னதென்று காட்டுவதற்கு இதனினும் நல்ல கருவியைக் காண்பது அரிது.

ஆனால் நிலச் சொந்தக்காரர்கள் ஒன்றை மறத்தலாகாது. இவ்விளையாட்டு இவ்வருஷத்துக் குவியலைக் காப்பாற்றாது. ‘கணினியில் கண்டுபிடித்த விஷமுறிவுப் பொடி’ என்று எவரேனும் சந்தையில் விற்க வந்தால் வாங்க வேண்டாம். பூசணத்தின் விரோதி வெயில் ஒன்றே. செடிகளைப் பிடுங்கியவுடன் காய்கள் மேல்நோக்கி இருக்குமாறு கவிழ்த்து வரிசையாகப் பரப்பி உலரவிட வேண்டும். காயைப் பறித்தபின், ஈரம் நூற்றுக்கு 8 அல்லது 9 பங்குக்கு இறங்கும் வரை களத்திற் காய வைத்து, இரவிற் பனி படாமல் மூட வேண்டும். குலுக்கினால் பருப்பு ஓட்டுக்குள் சலசலப்பதும், பருப்பை விரலால் தேய்த்தால் மேல் தோல் உரிவதும் நன்றாகக் காய்ந்ததற்கு அடையாளங்கள். மண்ணில் விடுபட்டுப் பின்னர்ப் பொறுக்கிய காயையும், புழு துளைத்த காயையும் நல்ல காயோடு கலக்கலாகாது. சுருங்கி நிறம் மாறிய பருப்பிலேதான் விஷம் மிகுதி. உடைப்பதற்கு எளிதாகுமென்று காயின்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் மகா கெடுதலானது. எடை கூடும் என்ற எண்ணமும் அதில் கலந்திருப்பதை எல்லாரும் அறிவர். கழித்த பருப்பைச் செக்கிலிட்டு எண்ணெயாக்கிவிடலாம் என்பதும் தவறு. விஷத்தின் பெரும்பகுதி பிண்ணாக்கிலே தங்கி மாட்டுக்குச் சேரும். சுத்திகரிக்காத எண்ணெயிலும் ஓரளவு நிற்கும்.

கிராம அதிகாரிகளுக்கும் பள்ளி நிர்வாகத்தைக் கவனிப்போருக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2011-ம் வருஷம் முதல் மாணவர்களுக்கு இலவசமாக வழங்கிய மடிக்கணினிகள் பல வீடுகளில் சினிமாப் பார்க்கவே உபயோகப்பட்டன. ஆங்கிலம் ஓரளவு படிக்கத் தெரிந்த பையனோ பெண்ணோ வீட்டிலிருந்தால் இவ்விளையாட்டைக் காட்டலாம். இது கைப்பேசிக்கு ஏற்றதன்று. கணினியில்தான் ஆட வேண்டும். இதற்குக் கட்டணமில்லை. பாங்கிக் கணக்கு எண்ணையோ, கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணையோ இவ்விளையாட்டு கேட்பதில்லை. கேட்டால் அது போலி என்று அறிந்து உடனே மூடிவிட வேண்டும். பிறர் அனுப்பும் கோப்புகளிலிருந்து இதைப் பெறாமல், நேரே அதன் சொந்த இணையத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். விளையாட்டின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, கடைசி இரண்டு எழுத்துக்களுக்கு முன் ஒரு புள்ளி வைத்தால் அதுவே தளத்தின் விலாசம்.