விசிட் விசா வேலை விசா ஆகாது!



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் 80,000 ரூபாய் கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டோம். “துபாயில் ஒரு வீட்டில் சமையல் வேலை. மாசம் 25,000 ரூபா சம்பளம். டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் பணம் கட்டணும்” என்றார். முன்பணமாக 15,000 ரூபாய் ஏற்கெனவே கொடுத்துவிட்டாராம். ரசீது இல்லை.

விசா தாளை வாங்கிப் பார்த்தோம். எங்களுக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. இ-சேவை மையத்தில் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். அது 60 நாள் சுற்றுலா விசா. வேலை என்ற பேச்சே அதில் இல்லை! ஏஜெண்டிடம் கேட்டதற்கு, “இப்ப விசிட்ல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்” என்றாராம்.

இந்தப் பேச்சை நம்பிப் போனவர்கள் பலர். அதனால் இந்த இதழில் விசா பற்றி நாங்கள் தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் சொல்கிறோம்.

ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் என்றால் என்ன?

பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பொதுவாக ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்தான் தருவார்கள். அந்த விவரம் பாஸ்போர்ட்டிலேயே அச்சாகி இருக்கும். இப்படிப்பட்டவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். சவூதி, துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. இது 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த ஏற்பாடு.

“நம்மைத் தடுக்கத்தானே இந்த அனுமதி?” என்று சிலர் கேட்கிறார்கள். அப்படி இல்லை. யார் வீட்டில் வேலை, என்ன சம்பளம், எத்தனை வருடம் என்ற ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகுதான் அனுமதி தருகிறார்கள். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால், நாம் எங்கே இருக்கிறோம் என்று அரசாங்கத்துக்குத் தெரியும்.

ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஏஜெண்டுகள் விசிட் விசா எடுப்பதன் ரகசியம் இதுதான். அனுமதி கேட்டால் ஒப்பந்தம் காட்ட வேண்டும், வயது காட்ட வேண்டும். விசிட் விசாவில் அனுப்பினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

பெண்களுக்குத் தனி விதிகள்

* ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் இந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும்.

* 2016 ஆகஸ்ட் முதல் இப்படிப் போகும் பெண்களை அரசு அனுமதித்த அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் வேலைக்கு எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னை கிண்டியில் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். 1978-இல் தொடங்கியது.

* அனுமதி வாங்கும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். விசிட் விசாவில் போகிறவருக்கு இந்தக் காப்பீடு கிடையாது.

விசிட் விசாவில் போனால் என்ன ஆகும்?

அந்த விசாவில் வேலை செய்வதே அந்த நாட்டில் குற்றம். சம்பளம் தரவில்லை என்று புகார் கொடுக்கப் போனால், “நீ எப்படி வேலை செய்தாய்?” என்ற கேள்விதான் முதலில் வரும். அமீரகத்தில் விசா நாள் முடிந்தும் தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம். நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். தினமும் ஏறும்! துபாய்க்கு என்று கூட்டிப்போய், அங்கிருந்து ஓமனுக்குக் கைமாற்றி விட்டதும் நடந்திருக்கிறது.

முறையான வேலை விசாவில் போனவருக்கு அந்த நாட்டுச் சட்டமே துணை. குவைத்தில் 2015-இலும் அமீரகத்தில் 2022-இலும் வீட்டு வேலையாட்களுக்கென்றே சட்டம் வந்தது. வாரம் ஒரு நாள் விடுமுறை, ஓய்வு நேரம் எல்லாம் அதில் உண்டு. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் இருக்கிறது. சட்டம் இருந்தும் தொல்லை கொடுக்கும் வீடுகள் உண்டு. ஆனால் தாளில் வேலைக்காரர் என்று இருந்தால்தான் அந்தச் சட்டத்தைக் காட்டிப் பேச முடியும்.

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்

1. விசாவில் வேலை என்று இருக்கிறதா? படிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள்.

2. சம்பளம், வேலை நேரம், முதலாளி பெயர் எழுதிய ஒப்பந்தம் கையில் இருக்கிறதா? ‘அங்க போய் தருவாங்க’ என்றால் போக வேண்டாம்.

3. ஏஜெண்டுக்கு மத்திய அரசின் உரிமம் உண்டா? இ-மைக்ரேட் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. இ-சேவை மையத்தில் பார்த்துச் சொல்வார்கள். ‘சப் ஏஜெண்டு’ என்ற ஒன்றுக்குச் சட்டத்தில் இடமில்லை.

4. எவ்வளவு கேட்கிறார்? உரிமம் உள்ள ஏஜெண்டே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. ரசீது கட்டாயம்.

5. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் ஒன்று, குழுவில் ஒன்று வைத்தீர்களா?

சந்தேகம் வந்தால் 1800 11 3090 என்ற மத்திய அரசின் இலவச எண்ணுக்குப் பேசுங்கள். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு உதவ அங்கே நல நிதி இருக்கிறது.

நம் உறுப்பினர் என்ன செய்தார்?

அவருக்கு வயது 34, எட்டாம் வகுப்புப் படிப்பு. துபாய் பயணத்தை நிறுத்திவிட்டார். கொடுத்த 15,000 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்க நாங்கள் நான்கு பேர் கூடப் போனோம். “ஊர்ல கடன் நெருக்குது, அதான் கண்ணை மூடிக்கிட்டுக் கிளம்பினேன்” என்று அழுதார். அந்தக் கடனில் ஒரு பகுதியை அடைக்கக் குழுவில் உள்கடன் கொடுத்தோம். கிண்டி அலுவலகத்தில் இப்போது பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்.

வெளிநாடு போவது தப்பில்லை. பிள்ளைகளைப் படிக்க வைக்க, வீடு கட்டப் போய் வந்த சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். போகிறவரை நாங்கள் தடுக்கவில்லை. இனி வெளிநாட்டுப் பயணத்துக்குக் கடன் கேட்டால், விசாவும் ஒப்பந்தமும் குழுவில் வைத்துப் படித்த பிறகே கொடுப்பது என்று கூட்டமைப்பில் தீர்மானம் எழுதியிருக்கிறோம். உங்கள் குழுவிலும் அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.