செப்டம்பரில் கடலோர இடிமழை ஏன்?

கோடை கழிந்த செப்டம்பரில், உள்நாட்டு மேகங்கள் அந்தியோடு கலைந்துவிட, இங்கிலாந்தின் கடற்கரைகளில் மட்டும் நள்ளிரவிலும் இடி முழங்குவது ஏன்? சமுத்திர ஜலம் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும் சுபாவமுடையதாதலால், கோடையின் கடைசியில்தான் அதன் உஷ்ணம் உச்சத்தை எட்டுகிறது. வடக்கேயிருந்து வரும் குளிர்ந்த காற்று அதன்மேல் பரவுங்கால், அக்காற்றின் கீழ்ப்படலம் வெம்மையும் ஈரமும் பெற்று மேலெழுந்து, நீராவி துளிகளாகையில் வெளிப்படும் உஷ்ணத்தால் மேலும் உந்தப்பட்டு, கார்மேகமாக ஓங்குகிறது. அதனுள் பனித்துகள்கள் மோதி மின்னூட்டம் பிரிகிறது. ஊதியம் கருதாது இவ்விடிமழையைத் தொடரும் ஆர்வலர்கள், 1974இல் தோன்றிய டோரோ (TORRO) என்னும் பிரிட்டிஷ் புயலாய்வு அமைப்பினரைப் போன்றோர், என் மதிப்புக்குரியவர்கள். ராடார் படத்தோடு நில்லாமல், மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட விநாடிகளை எண்ணி, மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று தூரம் கணித்து, ராடார் தெளிவாகக் காட்டாத ஆலங்கட்டியின் பருமனையும் தரையிலிருந்தே அளந்து குறிக்கிறார்கள்.