தொழிற்களத்தில் உள்ளத் திண்மை

கல்லூரி வாயிலைக் கடந்து செல்லும் மாணவர் பலர் விரைவில் அலுவலகத்திலும் ஆலையிலும் பள்ளியிலும் பணி மேற்கொள்வர். பணியால் உடல் தளர்வதை யாவரும் அறிவோம். உள்ளமும் அவ்வாறே தளரும் என்பதை நம்முட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆதலின் அதுபற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

நெடுநாள் ஓயாது அழுத்தும் வேலையால் விளையும் சோர்வினை உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் தன் வகைப்பாட்டு நூலிற் சேர்த்தது. எனினும் அதனை நோய் என்னாது, தொழில்வழித் தோன்றும் நிலை என்றே குறித்தது. ஆற்றல் வற்றுதல், வேலையில் வெறுப்புற்று மனம் விலகுதல், செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்களாம்.

இதனை வெல்லும் வழி யாது? மனவுறுதி வேண்டும் என்பர் பெரியோர். அஃது உண்மையே. திருவள்ளுவரும் இடுக்கண் அழியாமை எனத் தனியதிகாரம் ஒன்று வகுத்தார். ஆயினும், நோவை மறைத்து வாய்மூடியிருத்தல் உறுதி ஆகாது. போதிய உறக்கம், வேலை புகாத ஓய்வு நேரம், நம்பத்தக்க நண்பரிடம் மனந்திறந்து பேசும் பழக்கம், வேண்டுமிடத்து மருத்துவரை நாடும் துணிவு ஆகியவற்றாலேயே அது வளர்கின்றது. நடுவண் அரசு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்து ஆலோசனை பெறலாம்.

ஆயின், பணியாளரின் உறுதி ஒன்றே போதுமோ? லண்டன் மாநகரில் மைக்கேல் மார்மட் என்னும் அறிஞர் தலைமையில் 1985-ஆம் ஆண்டு தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு, அரசு ஊழியர் 10,308 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தது. வேலைப்பளு மிகுந்து, தம் வேலையைத் தாமே ஒழுங்குசெய்யும் உரிமை குறைந்து, உடனிருப்போர் ஆதரவும் இல்லாதாரிடத்தே மனநலக்கேடு மிகுதியாகத் தோன்றுவதை அவ்வாய்வு காட்டிற்று. இதனால், ஊழியர் உள்ளம் நலமுற்றிருப்பது வேலையின் அமைப்பையும் பொறுத்தது என்பது தெளிவாம். எருது எத்துணை வலியதாயினும் பாரவண்டியை இரவும் பகலும் இழுக்க வல்லதோ?

நாளை நம்முட் சிலர் பிறரை ஏவும் பதவியில் அமர்வர். அப்பொழுது, தளர்ந்தவனை உறுதியற்றவன் என்று இகழுமுன், அவன்மேல் நாம் ஏற்றிய சுமையை அளந்து பார்ப்போமாக.