பாதை யாருடையது? போடி மலைச்சரிவில் ஏறுபவரும் சுமப்பவரும்

மலையேறிகளுக்கென்று ஒரு நன்னடத்தைப் பட்டியல் உண்டு. பாறை ஏறும் சங்கங்கள் உள்ள நாடுகளில் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரியாக அது புழங்கி வருகிறது. வண்டியை வழியை மறித்து நிறுத்தாதே. படலைத் திறந்தால் மூடிவிட்டுப் போ. ஊருக்குள் சத்தம் போடாதே. குப்பையைத் திரும்ப எடுத்துப் போ. உள்ளூர்க் கடையில் ஒரு டீயாவது வாங்கிக் குடி. ஊர்க்காரரோடு வாதம் பண்ணாதே. எல்லாம் நல்ல விஷயங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பட்டியல் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் காரணத்தை நாம் கவனிக்க வேண்டும். ஊர்க்காரர் முகம் சுளித்தால் பாறை மூடப்பட்டுவிடும் என்பதே அந்தக் காரணம். அமெரிக்காவில் பாறை ஏறுபவர்கள் தங்கள் 'நுழைவு'க்காகவே ஓர் அமைப்பை 1991இல் தனியாக நிறுவினார்கள். அதன் பெயரே 'ஆக்சஸ் ஃபண்ட்'. ஆக, இங்கே மரியாதை என்பது நுழைவுக்குக் கொடுக்கிற விலை. எதிரில் நிற்கும் மனிதர் இந்தச் சொல்லாடலில் ஒரு கதவு, அல்லது கதவுக்குப் போட்ட பூட்டு.

இந்தப் பட்டியலைப் போடிநாயக்கனூரில் நின்றுகொண்டு வாசித்தால் என்ன ஆகும் என்பதே என் கேள்வி. போடியில் பாறை ஏறுபவர்கள் குறைவு. வருகிறவர்கள் நடைப் பயணிகள், 'ட்ரெக்கிங்' குழுக்கள், கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள், போடிமெட்டு வளைவுகளில் பைக்கை நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள். கால் வைக்கிற இடம் பாறையா புல்லா என்பதில்தான் வித்தியாசம். உறவுச் சிக்கல் ஒன்றேதான்.

முதலில் சாலையைப் பார்ப்போம். போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறுகிற பாதை இன்று தேசிய நெடுஞ்சாலை 85இன் ஒரு துண்டு. சுற்றுலாக்காரர் கண்ணுக்கு அது பதினேழு கொண்டைஊசி வளைவுகள் கொண்ட 'காட்சி'. விடிவதற்கு முன் அங்கே போய் நின்றால் அது வேறொன்றாகத் தெரியும். போடியிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு ஏறிப் போகிறார்கள். மலை கேரளத்தின் இடுக்கி மாவட்டம். வேலை செய்கிற கை தேனி மாவட்டம். மேலே விளைகிற காய், போடியிலும் புற்றடியிலும் உள்ள நறுமணப் பொருள் வாரிய ஏல மையங்களில் விலை போகிறது. இந்தப் பெண்களுக்கு அந்தச் சாலை வேலைக்குப் போகிற வாசற்படி. நேரம் தவறினால் அன்றைய கூலி கேள்விக்குள்ளாகும். ஆகவே, வளைவில் வண்டியை நிறுத்தி உதயத்தைப் படம் பிடிக்கிறவர் மறிப்பது வெறும் போக்குவரத்தை அல்ல, ஒருத்தியின் ஒரு நாள் சம்பளத்தை. முல்லைப்பெரியாறு பிரச்சினை முற்றிய 2011 டிசம்பரில் இதே மலையில் வேலைக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டு ஓடி இறங்கினார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால், 'சாலை எல்லோருக்கும் பொது' என்ற வாக்கியம் எவ்வளவு மேலோட்டமானது என்பது விளங்கும்.

தரைக்கு வருவோம். ஏலச்செடியின் காய் கிளையில் தொங்குவதில்லை. தூரிலிருந்து கிளம்புகிற சரத்தில் பூத்துக் காய்க்கிறது. மலபார் வகையில் அந்தச் சரம் தரையோடு தரையாகப் படரும். நிழல்மரங்களுக்கு அடியில் 'சும்மா காடுதானே' என்று பாதையை விட்டு இரண்டடி ஒதுங்கி நடப்பவரின் பூட்ஸுக்கு அடியில் நசுங்குவது அடுத்த எடுப்பின் காய். நகரத்து மொழியில் 'காடு' என்றால் ஆளில்லாத இடம். இந்தப் பக்கத்து மொழியில் காடு என்றால் வேலை செய்கிற இடம். "காட்டுக்குப் போயிருக்காக" என்றால் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரே சொல், இரண்டு உலகங்கள். தண்ணீரும் அப்படித்தான். குரங்கணிப் பக்கமிருந்து இறங்குகிற கொட்டகுடி ஆற்றில் சோப்புப் போட்டுக் குளிப்பவருக்கு அது அருவி. கீழே இருப்பவருக்கு அது குடிக்கிற தண்ணி.

பாதைக்கும் வரலாறு உண்டு. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறுகிற வழியை 'ட்ரெக்கிங் ரூட்' என்று விளம்பரம் செய்கிறார்கள். டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன், பாட்டம் ஸ்டேஷன் என்ற பெயர்கள் எங்கிருந்து வந்தன? மூணாற்றுத் தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவரும். அங்கிருந்து கம்பிவடத்தில் குரங்கணி அடிவாரத்துக்கு இறக்கி, போடிக்குக் கொண்டுபோவார்கள். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. ரயில் போனது, பெயர் நின்றது. கூடவே சுமையும் நின்றது. இன்றும் மலைக் கிராமங்களுக்குச் சாமான்கள் குதிரை முதுகிலும் மனிதர் தலையிலும் ஏறுகின்றன. சாலை எட்டாத ஊர்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி இறக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் பொழுதுபோக்காக வியர்க்கிற அதே ஏற்றத்தில் இன்னொருவர் பிரசவ வலிக்காரியைச் சுமந்துகொண்டு இறங்குகிறார். எதிரில் சுமை வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும் என்ற விதிக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இந்த விதிகளை மேற்கிலிருந்துதான் இறக்குமதி செய்ய வேண்டுமா? தமிழ் படித்தவர்களுக்கு ஒரு பிரதி நினைவுக்கு வரவேண்டும். பத்துப்பாட்டில் கடைசியாக வைக்கப்பட்டிருக்கிற மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். நாம் அதை நன்னனைப் புகழ்கிற ஆற்றுப்படை என்று பரீட்சைக்குப் படித்து முடித்துவிட்டோம். உண்மையில் அதன் பெரும்பகுதி மலைவழி போகிறவனுக்குச் சொல்லும் நடத்தைக் குறிப்பு. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழி எங்கே, வழுக்குகிற பாறையில் எப்படிக் கால் வைப்பது, புனங்காவலர் யானையை விரட்ட எறிகிற கவண்கல் எப்படி வரும், எந்தக் குடியிருப்பில் எப்படி அறிமுகம் செய்துகொண்டால் என்ன சோறு கிடைக்கும் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டு போகிறது. அந்தப் பிரதியில் மலை வெறும் இடமாக இல்லை. அடிக்கு அடி யாரோ ஒருவர் உழைத்துக்கொண்டும் காவல் காத்துக்கொண்டும் இருக்கிறார். போகிறவன் விருந்தாளி. அவன் உயிர், இருக்கிறவர்களின் அறிவில் தொங்குகிறது. மன்னனைப் போற்றும் அரசியல் அந்தப் பிரதிக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'ஆளற்ற இயற்கை' என்ற புனைவு அதற்குள் இல்லை. அந்தப் புனைவு பின்னால் வந்தது. மலையை வெல்வதற்கான உச்சியாகவும், மலைக்காரரைக் கூலியாகவும் பிரித்து வைத்த காலனியப் பார்வையோடு வந்தது. லண்டனில் ஆல்பைன் கிளப் தொடங்கியது 1857இல். உச்சியில் நின்றவர் பெயர் பதிவாகும், மூட்டை தூக்கியவர் பெயர் பெரும்பாலும் பதிவாகாது என்கிற எழுத்துமுறை அந்த மரபின் சொத்து.

இனி 2018க்கு வரலாம். மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து பெண்கள் அதிகமாக இருந்த ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு குழுவும் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத் தீயில் சிக்கின. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் நாளிலும் பின்னர் வாரக்கணக்கில் மருத்துவமனைகளிலும் அந்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. ஹெலிகாப்டரும் கமாண்டோக்களும் தொலைக்காட்சியில் தெரிந்தார்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால், இருட்டோடு இருட்டாக ஏறிப்போய், கம்பளியிலும் வேட்டியிலும் தூளி கட்டி, வெந்த உடல்களைத் தோளில் சுமந்து இறக்கியவர்கள் குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து மக்களும் தோட்டத் தொழிலாளர்களும். முதுகில் சுமந்து வந்தவர்கள் என்பதால்தான் 'முதுவர்' என்று பெயர் வந்தது என இந்த மலைப் பழங்குடியினரிடம் ஒரு வாய்மொழி மரபு உண்டு. மதுரையிலிருந்து தெய்வத்தைச் சுமந்து வந்ததாக அந்தக் கதை போகும். சுமப்பது இம்மலையில் பழைய வேலை. அன்று இரவு அதற்குக் கூலி பேசப்படவில்லை.

அதற்குப் பிறகு எழுந்த விவாதத்தை நாம் கவனமாக வாசிக்க வேண்டும். அனுமதிச் சீட்டு வாங்கினார்களா, எந்த வழிக்கு வாங்கினார்கள், வனத்துறை ஏன் தடுக்கவில்லை என்றெல்லாம் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். கேட்கப்படாத ஒன்று இருக்கிறது: மார்ச் மாதத்தில் அந்தப் புல் என்ன செய்யும் என்பது யாருக்குத் தெரியும், அவர்களிடம் யாராவது கேட்டார்களா? தீ சரிவில் மேல்நோக்கி ஓடுகையில் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிக்கொண்டே போகும். ஆகவே மனிதக் காலைவிட வேகமாக ஏறும். மேலே ஓடக்கூடாது. ஏற்கெனவே எரிந்து அடங்கிய கருந்தரையோ, புல்லில்லாத பாறையோதான் ஓரளவு பத்திரம். மாடு மேய்க்கிறவருக்கு இது பாடம் அல்ல, பழக்கம். "இந்த மாசம் அங்கிட்டு வேணாம்யா, புல்லு காஞ்சு கெடக்கு" என்கிற ஒரு வாக்கியத்துக்கு உயிரைக் காப்பாற்றும் வலு உண்டு. அந்த வாக்கியம் உட்கார்ந்து பேசப்பட ஓர் இடம் வேண்டும். சாலையோர டீக்கடை பெஞ்சு அப்படி ஓர் இடம். முந்தலைத் தாண்டி வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொண்டு நேராகப் பாதை தொடங்கும் இடத்தில் இறங்குகிற குழு, இழப்பது ஒரு டீயை அல்ல, அந்த வாக்கியத்தை. இறந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் பணம் கட்டி, ஏற்பாட்டாளரை நம்பி வந்தவர்கள். ஏற்பாட்டுக்குள் ஊர் இல்லை என்பதே பிரச்சினை. இன்னொன்றும் உண்டு. மலையில் தீ என்றாலே முதல் சந்தேகம் விறகு பொறுக்குகிறவர் மேலும் மாடு மேய்க்கிறவர் மேலும்தான் விழும். காப்பாற்றியவரும் சந்தேகத்துக்குரியவரும் ஒரே ஆளாக இருப்பது, விளிம்புநிலை என்று நாம் எழுதித் தள்ளுகிற சொல்லின் நேரடிப் பொருள்.

அரசின் பதில் இரண்டு கட்டமாக வந்தது. 2018லேயே வனப்பகுதி மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 வழிகள், கட்டணம், முன்பதிவு, பழங்குடியினரையும் காட்டை ஒட்டி வாழும் இளைஞர்களையும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்துவது என்று ஒரு திட்டம் வந்தது. வழிகாட்டிக்குச் சம்பளமும் சீருடையும் கிடைப்பது முன்னேற்றம். அதைக் கிண்டல் செய்ய எனக்கு விருப்பமில்லை. ஆனால் வழிகாட்டி 'இன்னைக்கு வேணாம்' என்று சொன்னால் அந்தச் சொல் நிற்குமா? முன்பதிவுப் பணம் நிற்குமா? மரியாதையை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்: உள்ளூர்க்காரரின் 'வேண்டாம்' எவ்வளவு தூரம் செல்லும்?

வேறு நாடுகளில் இந்த 'வேண்டாம்' எப்படி நடந்தது என்று பார்க்கலாம். அமெரிக்காவின் வயோமிங்கில் டெவில்ஸ் டவர் என்கிற பாறை, பல பழங்குடி இனத்தாருக்குப் புனிதமானது. ஜூன் மாதம் அவர்கள் சடங்குக் காலம் என்பதால் அம்மாதத்தில் ஏற வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் 1995இல் வேண்டுகோள் வைத்தது. தடை அல்ல, வேண்டுகோள். ஏறுபவர்களில் பெரும்பகுதியினர் ஏற்றார்கள், சிலர் வழக்குக்குப் போனார்கள். ஆஸ்திரேலியாவின் உலூரு இன்னும் ஒரு படி மேலே போனது. 1985 அக்டோபர் 26இல் நிலம் அனங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்டது. 'ஏறாதீர்கள்' என்று அவர்கள் பல ஆண்டுகள் பலகை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அனங்குகள் பெரும்பான்மையாக உள்ள நிர்வாகக் குழு 2017இல் முடிவெடுத்து, 2019 அக்டோபர் 26இல் ஏற்றத்தை மூடியது. அங்கே வேண்டுகோள் விதியானதற்குக் காரணம் பயணிகளின் நற்குணம் அல்ல, நிலவுரிமை.

இங்கிலாந்தின் கின்டர் ஸ்கௌட் கதையையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். 1932 ஏப்ரலில் மான்செஸ்டர்ப் பக்கத்துத் தொழிலாளர்கள் பிரபுக்களின் வேட்டைக்காட்டுக்குள் அத்துமீறி நடந்தார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். நுழைவுரிமை என்பது அங்கே உழைப்பவர் எழுப்பிய கோரிக்கை. நம் தோழர்கள் சிலர் 'மலை எல்லாருக்கும் சொந்தம்' என்று பேசும்போது மனதில் இருப்பது இந்தக் கதை. போடியில் அதை அப்படியே பொருத்த முடியாது. இங்கே சீட்டு வாங்கி நுழைபவர் நகரத்து நடுத்தர வர்க்கம். தன் காட்டில் தேன் எடுக்கவும் மாடு ஓட்டவும் கை கட்டி நிற்பவர் உள்ளூர்க்காரர்.

சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சமூக வன வளங்களுக்குள் நுழைவதை ஒழுங்குபடுத்தக் கிராம சபை எடுக்கும் முடிவுக்கு இடம் தருகிறது. அந்தப் பிரிவை யாரும் மலையேற்றத்தோடு சேர்த்து வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும். எந்த மாதம் எந்தப் பாதை திறக்கலாம், எத்தனை பேர், சாமி கும்பிடும் இடத்துக்கு எவ்வளவு தூரம் விலகி, கட்டணத்தில் ஊருக்கு என்ன பங்கு என்பதையெல்லாம் ஊர்க்கூட்டம் பேசலாம்.

அதுவரை நடைமுறை என்ன? பட்டியலை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை, தலைகீழாக வாசிக்கச் சொல்கிறேன். வளைவில் வண்டியை நிறுத்தாமலிருப்பது ஜீப்பில் போகிறவர்களின் கூலிக்காக. பாதையை விட்டு விலகாமலிருப்பது சரத்துக்காக. படம் எடுக்குமுன் கேட்பது, தலைச்சுமையோடு வருகிற பெண் காட்சிப்பொருள் அல்ல என்பதற்காக. வயதில் மூத்தவரை 'ஏய் கைட்' என்று கூப்பிடாமல் 'அண்ணே', 'அக்கா' என்று கூப்பிடுவது, நம் உயிர் அவர் வாயில் இருக்கிறது என்பதற்காக. அவர் 'வேணாம்' என்றால், பஸ்ஸுக்குக் கொடுத்த காசு போனாலும், திரும்பிவிட வேண்டும். திரும்பி வந்த குழுக்களைப் பற்றி யாரும் பயணக் கட்டுரை எழுதுவதில்லை. எழுதத் தொடங்கலாம்.