ஆர்க்கிட்டே... ஆர்க்கிட்டே... உன் ஊர் எது?

குட்டீஸ்! உங்கள் வீட்டில் செடி வளர்க்கிறீர்களா? ரோஜா, செம்பருத்தி, துளசி எல்லாம் இருக்கும். "யார் வீட்டிலும் இல்லாத ஓர் அபூர்வச் செடி நம் வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும்!" என்று எப்போதாவது ஆசைப்பட்டிருக்கிறீர்களா? நானும் உங்கள் வயதில் ஆசைப்பட்டேன். அதனால் ஒரு செடியைக் கொன்றும் விட்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. விடுமுறைக்கு, கோவை மாவட்டம் தொண்டாமுத்தூரில் இருந்த அப்பிச்சி தோட்டத்துக்குப் போயிருந்தேன். அம்மாவின் அப்பாவைக் கொங்கு நாட்டில் 'அப்பிச்சி' என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்தில் நின்று மேற்கே பார்த்தால் வெள்ளியங்கிரி மலை நீலமாகத் தெரியும். பாக்கு மரமும் தென்னையும் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் சாலையோரத்தில் ஒருவர் சாக்கு விரித்துச் செடிகள் விற்றுக்கொண்டிருந்தார். "தம்பி, இது காட்டுச் செடி. நரி வால் மாதிரி நீளமாப் பூக்கும். எங்கயும் கிடைக்காது" என்றார். அவ்வளவுதான்! சேர்த்து வைத்திருந்த தீபாவளிக் காசு முழுவதையும் கொடுத்து வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தொட்டியில் செம்மண்ணும் சாணி எருவும் நிரப்பினேன். செடியின் தடித்த வேர்களை நன்றாக உள்ளே புதைத்தேன். காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு போர் தண்ணீர். இதைவிட நன்றாக யார் கவனிக்க முடியும்?

மூன்றே வாரம். இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் வெந்த சேமியா மாதிரி கொழகொழவென்று இருந்தது.

அப்பிச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க கண்ணு வாங்குன இத?"

"ரோட்டோரத்துலங்க அப்பிச்சி. காட்டுச் செடியாமுங்க."

"இது மரத்து மேல ஒட்டிக்கிட்டு இருக்கிற செடியல்லோ! மண்ணுக்குள்ள பொதச்சா வேருக்கு மூச்சு முட்டிப் போகாதா?"

பிறகு வேரோடு ஒட்டியிருந்த ஒரு சின்னத் துண்டை எடுத்துக் காட்டினார். அது மரப்பட்டை! "பாரு, பட்டையோட உரிச்சிருக்கறாங்க. அந்த மரத்துல எத்தன வருசம் இருந்துச்சோ... பாவம்" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு நான் இரண்டு தப்பு செய்திருந்தேன். ஒன்று, செடி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கியது. இரண்டு, அது எப்படி வாழும் என்று தெரியாமல் வளர்த்தது. நீங்கள் அந்தத் தப்புகளைச் செய்யக்கூடாது என்றுதான் இந்தக் கட்டுரை.

மரத்தின் மேல் ஒரு வாடகை வீடு

நான் வாங்கியது நரிவால் ஆர்க்கிட். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும், இன்னும் பல இந்தியக் காடுகளிலும் வளர்வது. அசாம், அருணாசலப் பிரதேசம் இரண்டுக்கும் இதுதான் மாநில மலர். பிஹு பண்டிகையில் அசாம் பெண்கள் இதைத் தலையில் சூடி நடனமாடுவார்கள்.

ஆர்க்கிட் குடும்பம் ரொம்பப் பெரியது. உலகத்தில் சுமார் 28,000 வகைகள் உண்டு. இந்தியாவில் மட்டும் 1,256 வகைகள் இருப்பதாக இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனம் 2019-ல் பட்டியல் போட்டது. ஐஸ்கிரீமில் வாசனை தருகிற வெனிலாவும் ஓர் ஆர்க்கிட் கொடியின் காய்தான்!

இவற்றில் பல மண்ணில் வளர்வதே இல்லை. மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. அறிவியல் பாடத்தில் 'தொற்றுத் தாவரம்' என்று வருமே, அதுதான். "அப்படியென்றால் மரத்தின் சாற்றைத் திருடுமா?" என்று கேட்காதீர்கள். திருடவே திருடாது. மரத்தில் இடம் மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும். மழைநீர், பனி, பட்டையிடுக்கில் சேரும் மக்கிய இலை இவையே அதற்குப் போதும்.

காற்றில் தொங்கும் அதன் வேர்களைச் சுற்றி 'வெலாமன்' என்ற திசு இருக்கிறது. பஞ்சு மாதிரி! மழை பெய்ததும் சட்டென்று நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு காற்றில் உலர்ந்துவிடும். நனைவதும் உலர்வதும்தான் அதன் வாழ்க்கை. எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணில் அதைப் புதைத்தால், காற்றுக் கிடைக்காமல் வேர் அழுகிவிடும். என் செடிக்கு நடந்தது அதுவேதான்.

ஒரு செடிக்காக ஒரு மரம்!

அபூர்வச் செடி மீது ஆசைப்பட்டது நான் மட்டுமல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பணக்காரர்களுக்கு ஆர்க்கிட் பைத்தியமே பிடித்திருந்தது. அவர்களுக்காக ஆட்கள் காடு காடாகத் தேடி அலைந்தார்கள். ஆல்பர்ட் மில்லிகன் என்பவர் அப்படிப்பட்ட ஆர்க்கிட் வேட்டைக்காரர். தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் இரண்டு மாதத்தில் சுமார் 10,000 செடிகள் எடுத்ததாக 1891-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதினார். அதற்காக வெட்டிய மரங்கள் எத்தனை தெரியுமா? சுமார் 4,000!

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கிறது அகத்திய மலை. அங்கே மஞ்சள் நிறத்தில் ஓர் ஆர்க்கிட் பூக்கும். பூவின் நடுவில் செருப்பின் முன்பக்கம் மாதிரி ஒரு சின்னப் பை. உள்ளே விழுந்த பூச்சி, பின்பக்க வழியாக ஏறித்தான் வெளியே வர முடியும். வரும்போது முதுகில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். என்ன தந்திரம் பார்த்தீர்களா!

1865-ல் கர்னல் ட்ரூரி என்ற ஆங்கிலேயர் இதைக் கண்டெடுத்தார். அவர் பெயராலேயே இதற்கு 'பஃபியோபெடிலம் ட்ரூரி' என்று பெயர் வந்தது. பிறகு என்ன? ஆசைப்பட்டவர்களுக்காகக் கூடை கூடையாகப் பிடுங்கினார்கள். நெடுங்காலம் இது யார் கண்ணிலும் படவில்லை. 'அழிந்தே போய்விட்டது' என்று எல்லாரும் முடிவு கட்டிய பிறகு, 1970-களில்தான் மறுபடி காட்டில் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கும் மிக மிக ஆபத்தான நிலையில் இருக்கும் செடி இது. இந்த இனம் முழுவதையும் காட்டிலிருந்து எடுத்து நாடு விட்டு நாடு விற்பதற்கு 1990 முதல் தடை இருக்கிறது. நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், பெயரில் விலங்கு இருந்தாலும், இந்தச் செடியையும் சேர்த்தே பாதுகாக்கிறது.

கட்டுச்சோறு இல்லாத விதை

"பிடுங்கினால் என்ன? விதை போட்டு முளைக்காதா?" நல்ல கேள்வி!

சில ஆர்க்கிட்களில் ஒரே காய்க்குள் லட்சக்கணக்கான விதைகள் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தூசி மாதிரி. அவரை விதைக்குள் குட்டிச் செடிக்கான உணவு இருக்கிறதல்லவா? ஆர்க்கிட் விதையில் அந்தக் கட்டுச்சோறு கிடையாது. காட்டில் ஒரு வகைப் பூஞ்சை வந்து உணவு ஊட்டினால்தான் முளைக்கும். லட்சம் விதை பறந்தாலும் சரியான மரம், சரியான பூஞ்சை, சரியான ஈரம் மூன்றும் கிடைப்பது ஒன்றிரண்டுக்குத்தான். முளைத்துப் பூக்கவும் பல வருடம் ஆகும்.

1922-ல் அமெரிக்காவைச் சேர்ந்த லூயிஸ் நட்சன் என்ற விஞ்ஞானி, பூஞ்சை இல்லாமலே ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்தார். எப்படி? கண்ணாடிக் குடுவையில் சர்க்கரையும் சத்துகளும் கலந்த ஜெல்லியில் விதையைத் தூவினார். 1960-ல் பிரான்ஸ் நாட்டு ஜார்ஜ் மோரெல், செடியின் குருத்து நுனியில் ஒரு துளி எடுத்து அதிலிருந்தே நிறையச் செடிகளை உண்டாக்கலாம் என்று காட்டினார். இதுதான் திசு வளர்ப்பு.

இதனால் பெரிய நன்மை என்ன தெரியுமா? காட்டில் ஒரு கிளையைக்கூடத் தொடாமல் ஆயிரக்கணக்கான ஆர்க்கிட்களை வளர்க்கலாம். திருவனந்தபுரம் பக்கத்தில் பாலோடு என்ற ஊரில் இருக்கும் தாவரவியல் தோட்டத்தில், அரிய ஆர்க்கிட்களை ஆய்வுக்கூடத்தில் பெருக்கி மறுபடி காட்டிலேயே நட்டிருக்கிறார்கள்!

வாங்கும் முன் கேளுங்கள்

அதனால் ஆர்க்கிட் வாங்கவே கூடாது என்பதில்லை. நர்சரியில் பிறந்த செடியைத் தாராளமாக வாங்கலாம். 'இந்தச் செடி எங்கே பிறந்தது?' என்று முதலில் கேளுங்கள். "காட்டிலிருந்து எடுத்தது" என்று சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பது குற்றம்.

கேட்க முடியாவிட்டால் கண்ணால் பாருங்கள்.

* வேரில் மரப்பட்டையும் பாசியும் ஒட்டியிருக்கிறதா? வேர்கள் பிய்ந்திருக்கின்றனவா? காட்டுச் செடியாக இருக்கலாம்.
* ஒரே அளவில் வரிசையாக நிற்கும் தொட்டிகள், தொட்டிக்குள்ளேயே பழகி வளர்ந்த வேர், பெயர் எழுதிய அட்டை... இவை நர்சரிச் செடியின் அடையாளங்கள்.
* முதல் முறை வாங்குபவர்களுக்கு டென்ட்ரோபியம் அல்லது பட்டாம்பூச்சி மாதிரிப் பூக்கும் ஃபெலனாப்சிஸ் நல்லது.

வளர்ப்பது எப்படி?

செடியின் ஊரை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். அவ்வளவுதான் ரகசியம்!

தொட்டி: பக்கவாட்டிலும் ஓட்டை உள்ள தொட்டி வேண்டும். மண் வேண்டவே வேண்டாம். கரித்துண்டு, உடைந்த ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு போதும். மட்டையைச் சில நாள் நீரில் ஊற வைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவிவிட்டுப் போடுங்கள்.

வெளிச்சம்: மர நிழலில் வாழ்ந்த செடி. உச்சி வெயில் ஆகாது. கிழக்கு ஜன்னல் பொருத்தம். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. மஞ்சள் தட்டினால் வெயில் அதிகம்.

தண்ணீர்: எப்போது ஊற்றுவது என்று வேரே சொல்லும்! வெள்ளி நிறத்தில் இருந்தால் தாகம். பச்சையாக இருந்தால் போதும். காலையில் ஊற்றுங்கள். ஃபெலனாப்சிஸ் செடியின் நடுக்குருத்தில் நீர் தேங்கக்கூடாது. உப்புத் தண்ணீர் ஆர்க்கிட்டுக்குப் பிடிக்காது. மழைநீர் சேமித்து ஊற்றினால் குஷியாகிவிடும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் கவலையே இல்லை.

காலநிலை: மார்ச் முதல் மே வரை காற்று வறண்டிருக்கும். ஒரு தட்டில் கூழாங்கல் பரப்பி நீர் ஊற்றி, அதன் மேல் தொட்டியை வையுங்கள். தொட்டியின் அடி நீரில் படக்கூடாது. ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக அடிக்கும். வேர் சீக்கிரம் காய்ந்துவிடும், தொட்டியும் கவிழ்ந்துவிடும். காற்று மறைவில் வையுங்கள். ஐப்பசி அடைமழையில் தண்ணீரைக் குறையுங்கள்.

பூச்சி: வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால், சோப்பு நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பொறுமை. பூ உதிர்ந்ததும் செடி செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். அது ஓய்வெடுக்கிறது!

நரிவால் பூத்தது

பல வருடம் கழித்து நான் மறுபடி ஒரு நரிவால் ஆர்க்கிட் வாங்கினேன். இந்தத் தடவை நர்சரியில் விதையிலிருந்து வளர்த்த கன்று. விரல் நீளம்தான் இருந்தது. அப்பிச்சி தோட்டத்து மாமரத்தில், தேங்காய் மட்டையோடு சேர்த்துத் துணி நாடாவால் மெல்லக் கட்டினேன். முதல் வருடம் ஒன்றுமில்லை. இரண்டாம் வருடமும் ஒன்றுமில்லை. ஆனால் வேர்கள் மட்டும் பட்டையைப் பற்றிக்கொண்டு மெல்ல நகர்ந்தன. நான்காம் வருடம் கோடையில், வெள்ளையும் ஊதாவுமாக ஒரு வால் கீழே தொங்கியது!

அப்பிச்சி கைத்தடியை ஊன்றி வந்து நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கு இப்பத்தான் ஊடு கெடச்சிருக்குது கண்ணு" என்றார்.

என்ன குட்டீஸ், அடுத்த முறை ஓர் அபூர்வச் செடியைப் பார்த்தால் விலையை அப்புறம் கேளுங்கள். முதலில் செடியைப் பார்த்து, "உன் ஊர் எது?" என்று கேட்பீர்கள்தானே!